ஒரே கிளாஸில் நான்கு பேட்டர்ன்கள்: எந்த வரிசையில் சேர்ப்பது, எங்கே உடையும்

டிசைன் பேட்டர்ன் என்பது அடிக்கடி வரும் வடிவமைப்புச் சிக்கலுக்குப் பழகிய தீர்வு. அவற்றில் பில்டர் தனியாக எழுதத் தெரியும், அப்சர்வர் தனியாக எழுதத் தெரியும். இரண்டையும் ஒரே கிளாஸில் வைத்ததும் வினோதமான தவறுகள் முளைக்கும். காரணம் எளிது. ஒவ்வொரு பேட்டர்னும் ஆப்ஜெக்டின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் கேட்கிறது. ஆப்ஜெக்ட் பிறப்பதை பில்டர் கேட்கிறது, மாறுவதை ஸ்டேட், மாறிய சேதியை அப்சர்வர், கணக்கை ஸ்ட்ராட்டஜி. இவை ஒன்றை ஒன்று தொடும் இடங்களில்தான் பிழை உட்காரும்.

எடுத்துக்காட்டுக்கு ஆன்லைன் கடை ஒன்றின் 'ஆர்டர்' கிளாஸ். மொழி ஜாவா 17. மெத்தட் பெயர்களைத் தமிழில் கொடுத்திருக்கிறோம். உங்கள் கோடில் குழுவின் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கோடு எழுதும் முன் காகிதத்தில் மூன்று விஷயங்கள்

முதலாவது, நிலை அட்டவணை. நம் ஆர்டருக்கு 5 நிலைகள்: புதியது, பணம் கட்டியது, அனுப்பியது, சேர்ந்தது, ரத்து. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டால் 25 கட்டங்கள். அவற்றில் அனுமதி 5-க்கு மட்டும்: புதியதிலிருந்து பணம் கட்டியதற்கும் ரத்துக்கும், பணம் கட்டியதிலிருந்து அனுப்பியதற்கும் ரத்துக்கும், அனுப்பியதிலிருந்து சேர்ந்ததற்கு. மீதி 20 கட்டங்களும் மறுப்பு. அந்த 20-ஐயும் கண்ணால் பார்ப்பதற்காகத்தான் அட்டவணை. 'அனுப்பிய ஆர்டரை ரத்து செய்யலாமா?' என்ற கேள்வி கோடு எழுதும்போது வந்தால் நீங்களே ஒரு விடையை ஊகித்துவிடுவீர்கள். காகிதத்தில் வந்தால் கடைக்காரரிடம் கேட்பீர்கள்.

இரண்டாவது, ஃபீல்டு பட்டியல். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எதிரே அதை எழுதும் உரிமை எந்தப் பேட்டர்னுக்கு என்று குறியுங்கள். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் எண் இரண்டும் பில்டருக்கு. நிலை ஸ்டேட்டுக்கு. ஒரே ஃபீல்டை இரண்டு பேர் கேட்டால் அங்கே நின்று முடிவெடுக்க வேண்டும். நம் கிளாஸில் அப்படி ஒன்று உண்டு: மொத்தத் தொகை. அதைக் கணக்கிடுவது ஸ்ட்ராட்டஜி; எப்போது உறைய வேண்டும் என்று சொல்வது ஸ்டேட். 5-ஆம் பகுதியில் பார்ப்போம்.

மூன்றாவது, யாருக்கெல்லாம் சேதி போக வேண்டும் என்ற பட்டியல். கிடங்கு, குறுஞ்செய்தி, கணக்குப் பிரிவு. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் அப்சர்வரே வேண்டாம். நேராக அந்த மெத்தடைக் கூப்பிடுங்கள்.

2. வரிசை: ஸ்டேட், ஸ்ட்ராட்டஜி, அப்சர்வர், கடைசியில் பில்டர்

பெரும்பாலோர் பில்டரில் தொடங்குகிறார்கள், ஓடும்போது அதுதான் முதலில் ஓடுகிறது என்பதால். ஆனால் பில்டருக்கு எந்தெந்த ஃபீல்டு வேண்டும் என்பது மற்ற மூன்றும் முடிந்த பிறகே தெரியும். முன்பே எழுதினால் ஒரு ஃபீல்டு கூடும்போதெல்லாம் கிளாஸ், பில்டரின் மெத்தட், கன்ஸ்ட்ரக்டர் என்று மூன்று இடம் திருத்த வேண்டியிருக்கும். அதுவரை ஒரு சாதாரண கன்ஸ்ட்ரக்டரை வைத்து ஓட்டுங்கள்.

ஸ்டேட் முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது என்று தெரியாமல் மாற்றத்தை அறிவிக்க முடியாது.

3. ஸ்டேட்: எனம் போதும், ஆனால் அதில் எதையும் சேமிக்காதீர்கள்

ஐந்து நிலைகளுக்கு ஐந்து கிளாஸ் ஃபைல் தேவையில்லை. ஒரு எனம் (மாறாத பெயர்களின் பட்டியலான ஜாவா வகை) போதும். அதில் பணம்கட்டு(), அனுப்பு(), சேர்ப்பி(), ரத்துசெய்() என்று நான்கு மெத்தட். நான்கும் இயல்பாக இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் (இந்த நிலையில் இது செல்லாது என்ற பிழை) எறியட்டும்; அனுமதி உள்ள நிலை மட்டும் தனக்கு வேண்டியதை மாற்றி எழுதிக்கொள்ளட்டும். மறுப்பு இயல்பாகவும் அனுமதி விதிவிலக்காகவும் இருந்தால், எழுத மறந்துபோன கட்டம் தானாகவே மறுப்பில் போய் விழும்.

இந்த மெத்தட்கள் அடுத்த நிலையைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆர்டரைக் கையில் வாங்கி அதன் நிலையை இவையே மாற்றக் கூடாது. மாற்றினால் எழுதும் இடங்கள் நான்கு ஐந்து ஆகிவிடும், அப்சர்வரை அத்தனை இடத்திலும் கூப்பிட வேண்டும், ஓரிடத்தில் விட்டுப்போகும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு: கூரியர் எண்ணை 'அனுப்பியது' என்ற எனம் மாறிலிக்குள்ளேயே ஃபீல்டாக வைப்பது. அந்த மாறிலியை எல்லா ஆர்டர்களும் பகிர்ந்துகொள்கின்றன. முதல் வாடிக்கையாளர் தன் ஆர்டரைத் திறந்தால் இரண்டாமவரின் கூரியர் எண் தெரியும். ஒரே ஒரு ஆர்டரை வைத்துச் சோதித்தால் இது தலைகாட்டாது. ஆர்டருக்கு உரியது ஆர்டரில் இருக்கட்டும்.

4. ஒரே வாசல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நிலை என்ற ஃபீல்டுக்கு மதிப்பு வைக்கும் வரி கிளாஸ் முழுவதிலும் ஒரே ஒரு மெத்தடில் இருக்க வேண்டும். பிரைவேட் மெத்தட். வெளியே தெரியும் பணம்கட்டு(), அனுப்பு() எல்லாம் அதற்குள் ஒரே வரியில் போய்ச் சேரும். உள் வடிவம் இது (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலை ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்; ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுவது பூட்டு):

நிலைமாற்று(செயல்)
— பூட்டைப் போடு
— பழையது = நிலை
— புதியது = செயலைப் பழைய நிலையிடம் கேள்
— புதியது 'பணம் கட்டியது' என்றால், தொகையைக் கணக்கிடு
— நிலை = புதியது
— நிகழ்வை வரிசையில் சேர்
— பூட்டைத் திற
— வரிசையில் உள்ளதை விநியோகி

வரிகளின் வரிசைக்குக் காரணம் உண்டு. உடையக்கூடிய வேலை எல்லாம் முதலில், மாற்றம் அதன் பிறகு, சேதி கடைசியில். நிலை மறுத்தாலோ கணக்கு உடைந்தாலோ எக்ஸெப்ஷன் கிளம்பும்போது ஆர்டர் பழையபடியே இருக்கும். 'நிலை = புதியது' என்பதைக் கணக்கிடுவதற்கு மேலே வைத்துப் பாருங்கள்: கணக்கு உடையும், ஆனால் ஆர்டர் 'பணம் கட்டியது' என்று நிற்கும், தொகை வெறுமை.

நிலையைப் படித்துக் காட்டும் மெத்தடும் அதே பூட்டின் வழியாகவே போகட்டும், அல்லது ஃபீல்டை வொலடைல் ஆக்குங்கள். இல்லையென்றால் இன்னொரு த்ரெட் பழைய மதிப்பையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

5. ஸ்ட்ராட்டஜி: ஆர்டரைக் கொடுக்காதீர்கள், எண்களைக் கொடுங்கள்

தள்ளுபடிக் கணக்கு ஒரு இன்டர்ஃபேஸ், ஒரே மெத்தட். பொருள்களின் விலைகள் உள்ளே, தொகை வெளியே. ஆர்டர் ஆப்ஜெக்டையே அனுப்பினால் சீக்கிரமே யாராவது அதற்குள் 'ஆர்டரின் நிலை இதுவானால்' என்று ஒரு நிபந்தனை எழுதுவார்கள். அப்போது நிலை விதிகள் இரண்டு இடத்தில் வாழத் தொடங்கும்.

வடிவத்தில் ஸ்டேட்டும் ஸ்ட்ராட்டஜியும் ஒரே அச்சு. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: யார் மாற்றுகிறார்கள்? ஸ்டேட் உள்ளிருந்து மாறுகிறது. ஸ்ட்ராட்டஜியை வெளியிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுத்துத் தருகிறார். பிறகு அது மாறுவதில்லை. எனவே அதை ஃபைனல் ஃபீல்டாக வையுங்கள்.

இப்போது மொத்தத் தொகை. கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுத் தந்தால், பொருளின் விலையோ தள்ளுபடி விதியோ மாறிய அன்று பழைய பில்லின் தொகையும் மாறிவிடும். வாடிக்கையாளர் கட்டியது ஒன்று, திரை காட்டுவது வேறொன்று. ஆகவே 'பணம் கட்டியது' நிலைக்குள் நுழையும்போது ஒருமுறை கணக்கிட்டு உறைய வைக்கிறோம். அதற்கு முன் காட்டுவது மதிப்பீடு மட்டுமே.

இந்தக் கணக்கு பூட்டுக்குள் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். உள்ளே நெட்வொர்க் அழைப்போ டேட்டாபேஸ் தேடலோ கூடாது. வேண்டிய விகிதங்களை முன்பே எடுத்து ஸ்ட்ராட்டஜிக்குள் வைத்துக் கொடுங்கள்.

ரூபாய்க்கு பிக்டெசிமல்தான் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை), அதையும் டபுளிலிருந்து (தோராயமாக வைக்கும் வகை) உருவாக்காமல் எழுத்துச் சரத்திலிருந்து உருவாக்குங்கள். பைசாவுக்கு முழுமையாக்குவதை எந்த இடத்தில் செய்வது என்பதும் ஸ்ட்ராட்டஜியின் முடிவு. 19.95 ரூபாய்ப் பொருள் மூன்று, 10 சதவீதத் தள்ளுபடி என்று வையுங்கள். ஒவ்வொன்றாக முழுமையாக்கினால் 17.96 வீதம் 53.88. மொத்தத்தில் முழுமையாக்கினால் 53.87. எது சரி என்பது கடையின் விதி. இரண்டும் ஒரே புரோகிராமில் இருந்தால் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு உங்களைத் தேடி வரும்.

6. அப்சர்வர்: பிழைகளில் பாதி இங்கேதான்

ஜாவாவோடு வந்த பழைய அப்சர்வபிள் கிளாஸைத் தொடாதீர்கள். ஜாவா 9-இலேயே அது கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பட்டுவிட்டது. தவிர அது எக்ஸ்டெண்ட் செய்யச் சொல்கிறது. உங்கள் கிளாஸின் ஒரே பேரன்ட் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சொந்தமாக ஒரு லிசனர் (சேதியைக் கேட்பவர்) இன்டர்ஃபேஸ், அதற்கு ஒரு பட்டியல், போதும்.

பட்டியல் சாதாரண அர்ரேலிஸ்ட்டாக இருந்தால், சேதி கேட்கும்போதே ஒரு லிசனர் தன்னை நீக்கிக்கொண்ட கணத்தில் கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்ஸெப்ஷன் வரலாம். காப்பிஆன்ரைட்அர்ரேலிஸ்ட் போடுங்கள். சேர்க்கும்போதும் நீக்கும்போதும் அது முழுப் பட்டியலையும் நகலெடுக்கும். லிசனர்கள் ஐந்தாறு பேர் என்பதால் அது பாரமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு சுற்றின் நடுவில் நீக்கப்பட்ட லிசனருக்கு அந்தச் சுற்றின் சேதி இன்னும் போகும்.

லிசனரிடம் ஆர்டரைக் கொடுக்காதீர்கள். பழைய நிலை, புதிய நிலை, ஆர்டர் எண், நேரம் நான்கும் கொண்ட ஒரு ரெக்கார்டைக் கொடுங்கள். ஆர்டரைக் கொடுத்தால், லிசனர் அதன் நிலையைப் படிக்கும் நேரத்தில் அது இன்னொரு நிலைக்குத் தாண்டியிருக்கலாம்.

சேர்க்கும் மெத்தட், நீக்குவதற்கான ஒரு கைப்பிடியைத் திருப்பித் தரட்டும். மெத்தட் ரெஃபரன்ஸைக் கொடுத்துச் சேர்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு முறை எழுதி நீக்கச் சொன்னால் பெரும்பாலும் நீங்காது. இரண்டாம் முறை எழுதியது வேறு ஆப்ஜெக்ட். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த லிசனர்கள் பட்டியலிலேயே இருப்பதால், மூடிய திரைகளும் நினைவகத்தில் தேங்கிக்கொண்டே போகும்.

ஒரு லிசனர் உடைந்தால் மற்றவர்களுக்குச் சேதி நிற்கக் கூடாது. ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனி ட்ரை-கேட்ச்சுக்குள் வைத்து, ரன்டைம்எக்ஸெப்ஷனைப் பிடித்து, பதிவில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். இல்லையென்றால் குறுஞ்செய்தி சர்வர் படுத்த அன்று பணம்கட்டு() எக்ஸெப்ஷன் எறியும். கூப்பிட்டவர் பணம் போகவில்லை என்று நினைத்து இன்னொரு முறை முயல்வார். ஆனால் நிலை எப்போதோ மாறிவிட்டது.

இனி, ஸ்டேட்டும் அப்சர்வரும் மோதும் இடம். டிஜிட்டல் பொருள் விற்கும்போது கிடங்கு லிசனர் பணம் வந்த உடனே அனுப்பு() என்று கூப்பிடுகிறது. லிசனர்கள் இருவர்: முதலில் கிடங்கு, அடுத்து குறுஞ்செய்தி. வரிசை வைக்காமல், மாறிய கையோடு எல்லோரையும் கூப்பிட்டால் நடப்பது இது:

பணம்கட்டு() ஓடுகிறது. கிடங்குக்குப் 'பணம் கட்டியது' போகிறது. கிடங்கு அங்கிருந்தே அனுப்பு() கூப்பிடுகிறது. நிலை மாறுகிறது. கிடங்குக்கு 'அனுப்பியது' போகிறது. குறுஞ்செய்திக்கு 'அனுப்பியது' போகிறது. உள் அழைப்பு முடிந்து வெளியே வருகிறது. இப்போதுதான் குறுஞ்செய்திக்குப் 'பணம் கட்டியது' போகிறது.

வாடிக்கையாளரின் போனில் முதலில் 'அனுப்பிவிட்டோம்', அடுத்து 'பணம் கிடைத்தது'. பூட்டு இதைத் தடுக்குமே என்று தோன்றலாம். தடுக்காது. ஜாவாவின் சிங்க்ரனைஸ்டு பூட்டு, அதைப் பிடித்திருக்கும் த்ரெட் மறுபடி நுழைவதை அனுமதிக்கும்.

தீர்வு ஒரு அர்ரேடெக் வரிசையும், 'விநியோகம் நடக்கிறது' என்ற ஒரு கொடியும். நிகழ்வை வரிசையில் சேர்த்த பிறகு கொடியைப் பாருங்கள். ஏறியிருந்தால் திரும்பிவிடுங்கள், ஏற்கெனவே விநியோகித்துக்கொண்டிருப்பவர் இதையும் எடுத்துக்கொள்வார். இறங்கியிருந்தால் ஏற்றிவிட்டு, பூட்டுக்குள் ஒரு நிகழ்வை எடுப்பது, பூட்டுக்கு வெளியே லிசனர்களைக் கூப்பிடுவது என்று வரிசை தீரும்வரை சுற்றுங்கள். வரிசை காலி என்று பார்ப்பதும் கொடியை இறக்குவதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். இடையில் பூட்டைத் திறந்தால், அந்த இடைவெளியில் வந்த நிகழ்வு அநாதையாகும். ரன்டைம்எக்ஸெப்ஷன் வகையில் சேராத எரர் கிளம்பினாலும் கொடி இறங்கும்படி ஃபைனலியில் ஒரு ஏற்பாடு தேவை. மறந்தால் அந்த ஆர்டர் அதன் பிறகு யாரிடமும் பேசாது.

லிசனர்களைப் பூட்டுக்கு வெளியே கூப்பிடுவதும் காரணமாகத்தான். உள்ளே கூப்பிட்டால், ஆர்டரின் பூட்டு கையில் இருக்கும்போதே லிசனர் தன் சொந்தப் பூட்டைப் பிடிக்கப் பார்க்கும். இன்னொரு த்ரெட் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஆர்டரைத் தொட வரும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பார்கள், சர்வரை நிறுத்தும்வரை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அனுப்பு() திரும்பிவிட்டது என்பதால் எல்லா லிசனர்களும் கேட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதை மெத்தடின் மேலேயே எழுதிவையுங்கள்.

7. பில்டர்: சரிபார்ப்பு ஒரே இடத்தில்

ஆர்டருக்குள் ஸ்டாட்டிக் கிளாஸாக பில்டர், ஆர்டரின் கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட். பொருள் ஒன்றாவது இருக்கிறதா, ஸ்ட்ராட்டஜி கொடுத்தார்களா என்ற சரிபார்ப்பு எல்லாம் உருவாக்கு() மெத்தடில். ஒவ்வொரு மெத்தடிலும் சிதறினால், கூப்பிடாமல் விட்ட மெத்தடின் சரிபார்ப்பு ஓடவே ஓடாது.

பொருள் பட்டியலை லிஸ்ட்.காப்பிஆஃப் கொண்டு நகலெடுத்துக் கொடுங்கள். நகலெடுக்காவிட்டால் ஒரே பில்டரில் இரண்டு முறை உருவாக்கு() கூப்பிட்டு வந்த இரண்டு ஆர்டர்களும் ஒரே பட்டியலைப் பகிரும். ஒன்றில் சேர்த்த சோப்பு மற்றதிலும் தெரியும்.

கன்ஸ்ட்ரக்டருக்குள் இருந்து 'புதியது' என்று லிசனர்களுக்குச் சேதி அனுப்பும் ஆசை வரும். வேண்டாம். ஆப்ஜெக்ட் பாதி கட்டிய வீடாக நிற்கும்போதே பிறர் கைக்குப் போய்விடும். ஃபைனல் ஃபீல்டுகூட வெறுமையாகத் தெரியலாம். உருவாக்கு() மெத்தடில், கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகு லிசனர்களைச் சேருங்கள், அதன் பிறகு அறிவியுங்கள்.

8. டேட்டாபேஸிலிருந்து திரும்பி வரும் ஆர்டர்

ஆர்டரைச் சேமித்து மறுபடி ஏற்றும்போது, வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்றும் கோடு புதிய ஆர்டரை உருவாக்கி, பணம்கட்டு(), அனுப்பு() என்று கூப்பிட்டு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போகும். தொகையும் இன்றைய விலையில் புதிதாகக் கணக்கிடப்படும்.

எனவே பில்டரில் மீட்டெடு() என்று இன்னொரு மெத்தட். அது நிலையையும் உறைந்த தொகையையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக நேராக வைக்கும், யாருக்கும் சொல்லாது. இது ஒரே வாசல் விதியை மீறவில்லை: வாசல் மாற்றத்துக்கு, இது பிறப்பு.

ஜேபிஏ (ஜாவா ஆப்ஜெக்டை டேட்டாபேஸில் சேமிப்பதற்கான வரையறை) பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு குறிப்புகள். எனத்தை எழுத்தாகச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அது வரிசை எண்ணைச் சேமிக்கும், நடுவில் ஒரு புதிய நிலையைச் செருகிய அன்று, அதற்கு அடுத்த நிலைகளில் இருந்த பழைய ஆர்டர்களின் நிலை எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். அடுத்து, அது அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கேட்கும். அதை புரொடெக்டட் ஆக வையுங்கள், பப்ளிக் வேண்டாம்.

குறுஞ்செய்தி போன்ற, திரும்ப எடுக்க முடியாத வேலைகள் டேட்டாபேஸ் கமிட் ஆன (மாற்றம் நிலையாகப் பதிந்த) பிறகே ஓட வேண்டும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் ட்ரான்ஸாக்ஷனல்ஈவன்ட்லிசனர் இயல்பாகவே கமிட்டுக்குப் பிறகு ஓடும். ஆர்டரின் லிசனர் நிகழ்வை ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும்.

9. சோதனைகள்

பேட்டர்னைத் தனித்தனியாகச் சோதித்துப் பயனில்லை, இணைப்புகளைச் சோதியுங்கள். 5 நிலைகளிலும் 4 மெத்தட்களையும் ஒரு சுழற்சியில் ஓட்டுங்கள் ('புதியது' ஆக்கும் மெத்தட் இல்லாததால் 25 அல்ல, 20 ஓட்டம்): 5 செல்ல வேண்டும், 15 எக்ஸெப்ஷன் தர வேண்டும், அந்த 15-இலும் நிலை மாறாதிருக்க வேண்டும், சேதி எதுவும் போயிருக்கக் கூடாது. பிறகு, சேதி கேட்டதும் அனுப்பு() கூப்பிடும் லிசனரை முதலில் வைத்து, இரண்டாமவர் கேட்ட வரிசையைப் பாருங்கள். எப்போதும் உடையும் ஒரு லிசனரை நடுவில் வையுங்கள். உடையும் ஸ்ட்ராட்டஜியைக் கொடுத்து நிலை 'புதியது' என்றே நிற்கிறதா என்று பாருங்கள். மீட்டெடு() எத்தனை சேதி அனுப்புகிறது? பூஜ்யம் வர வேண்டும்.

ஆர்டர் கிளாஸை, வசதிக்காக, சிங்கிள்டன் (புரோகிராம் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட்) ஒன்றுக்குள் பூட்டிவைத்திருந்தால் இந்தச் சோதனைகள் ஒன்றை ஒன்று கெடுக்கும்: முதல் சோதனை சேர்த்த லிசனர் மூன்றாவதிலும் உட்கார்ந்திருப்பார். சிங்கிள்டனோடு அப்சர்வரைச் சேர்க்காதீர்கள்.

10. எப்போது வெளியே எடுப்பது

எல்லா வரியையும் ஒரே ஃபைலில் திணிக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஆர்டர் நான்கு பாத்திரங்களையும் ஏற்கிறது, அவ்வளவே. மெத்தட்களை ஒரு பக்கமும் ஃபீல்டுகளை மறுபக்கமும் எழுதி, எது எதைத் தொடுகிறது என்று கோடு போடுங்கள். கோடுகள் இரண்டு தனிக் கொத்தாகப் பிரிந்தால் அங்கே கத்தி வைக்கலாம்.

நம் கிளாஸில் முதலில் பிரிவது லிசனர் பட்டியல், வரிசை, கொடி மூன்றும்தான். அவற்றை 'அறிவிப்பான்' என்ற தனி கிளாஸாக்கி ஆர்டருக்குள் ஒரு ஃபைனல் ஃபீல்டாக வையுங்கள். ஆர்டரின் பூட்டையே அதற்கும் கொடுத்துவிடுங்கள். அதற்குத் தனிப் பூட்டு வைத்து, நிகழ்வைச் சேர்ப்பதையும் ஆர்டரின் பூட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால், நிலை மாறிய வரிசையும் நிகழ்வு சேர்ந்த வரிசையும் இரண்டு த்ரெட்களுக்கு நடுவே மாறிப்போகும். 6-ஆம் பகுதியில் விரட்டிய பிழை வேறு வழியாக உள்ளே வந்துவிடும்.